குழாய் ஹீட்டர் ஓடுகிறது, ஆனால் கிடங்கு குளிர்கிறது: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

கனடாவில் டொராண்டோவை அடுத்த மிசிசாகா, பிராம்ப்டன் பக்கத்துக் கிடங்குகளிலும் வண்டிப் பட்டறைகளிலும் அண்ணாந்து பார்த்தால், கூரைக்குக் கீழே சங்கிலியில் தொங்கும் நீளமான இரும்புக் குழாய்களும் அவற்றின் மேல் கவிழ்த்த அலுமினியத் தகடுகளும் தெரியும். கேஸில் எரியும் அகச்சிவப்பு ஹீட்டர்கள் அவை. ஒரு முனையில் பர்னர் இருக்கும். சுடரும் புகையும் உள்ளே ஓடிக் குழாயைச் சூடாக்கும். அந்தச் சூடு கதிராகக் கீழே இறங்கும்.

டொராண்டோ குளிரில் உயரமான கட்டிடங்களுக்கு இதைப் போடுவதற்கு நல்ல காரணம் உண்டு. காற்றைச் சூடாக்கி ஊதும் ஹீட்டர் என்றால், 8, 10 மீட்டர் உயரக் கட்டிடத்தில் சூடான காற்றெல்லாம் கூரையடியில் போய்த் தங்கிவிடும். வேலை செய்கிறவர் நிற்கும் இடம் குளிராகவே இருக்கும். கதிர் அப்படியில்லை. காற்றை ஊடுருவி வந்து தரை, மெஷின், ஆள் எதில் படுகிறதோ அதைச் சூடாக்குகிறது. மார்கழிக் காலையில் நிழலை விட்டு வெயிலுக்குப் போனால் உடம்பு இதமாவது போலத்தான். உடம்பு உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 16 டிகிரியில் இருந்தாலும், தரையும் மேலே தொங்கும் குழாயும் சேர்ந்து சராசரி 22 டிகிரி கொடுத்தால், 19 டிகிரியில் நிற்பது போல இருக்கும். எரிபொருள் மிச்சமாவது அந்த இடைவெளியில்தான்.

குளிர்கிறது என்று புகார் வந்தவுடன் யாராவது தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றிவிடுகிறார்கள். உண்மையான கோளாறு அப்படியே இருக்க, பில் மட்டும் ஏறுகிறது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் ஹீட்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள், அப்புறம் அதன் கதிர் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒன்டாரியோவில் கேஸ் லைன், வால்வு, பர்னர் இவற்றைத் திறந்து வேலை செய்ய, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யின் சான்றிதழ் வேண்டும். ஜி2 சான்றிதழ் உள்ளவர் மணிக்கு 4,00,000 பி.டி.யு. (வெப்ப அளவு) வரையுள்ள கருவிகளைப் பார்க்கலாம், அதற்கு மேல் ஜி1. கட்டிடத்தைப் பராமரிப்பவர் கண்ணாலும் காதாலும் செய்யக்கூடியது எது, டெக்னீஷியனுக்கு விட வேண்டியது எது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேஸ் வாடை, தலைவலி, குமட்டல்

இதில் பழுது தேடும் வேலையே இல்லை. கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து 911-க்கும் கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கும் போன் செய்யுங்கள். ஒரே நேரத்தில் பலருக்குத் தலை வலிக்கிறது, வெளியே போனால் சரியாகிறது என்றால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கும் அதே வழிதான். பிறகு காரணம் தேடும்போது ஹீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே ஓடும் புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட்டும் கார்பன் மோனாக்சைடு விடும்.

அடுக்கிய சரக்கின் மேல்பக்கம் பழுப்பாகிறது, பிளாஸ்டிக் உறை சுருங்குகிறது

இதுவும் அவசரம். ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சரக்கை இறக்குங்கள். ஹீட்டரின் லேபிளில் எரியக்கூடிய பொருள் கீழேயும் பக்கங்களிலும் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்தத் தூரத்துக்கு ரேக் தூணில் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. இரவு ஷிஃப்ட்டில் சரக்கு அடுக்குகிறவர் லேபிளைத் தேடிப் பார்க்கப் போவதில்லை. வண்டிப் பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிய வேனின் கூரையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹீட்டர் சரியாக எரியும்போது என்ன கேட்கும்

பழுது தேடுவதற்கு முன் ஒழுங்காக இருக்கும் ஒரு ஹீட்டரின் கீழே நின்று ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ப்ளோயர் ஓட ஆரம்பிக்கும். காற்று உண்மையிலேயே ஓடுகிறதா என்று பிரஷர் சுவிட்ச் சரிபார்த்து மூடிக்கொள்ளும், அதாவது மின்சுற்றை இணைக்கும். ஹீட்டரை இயக்கும் மின்னணு போர்டைப் பொறுத்து 15 முதல் 45 நொடி வரை குழாயிலுள்ள பழைய காற்றை ப்ளோயர் வெளியேற்றும். அப்புறம் கேஸைப் பற்ற வைக்கும் இக்னைட்டர் சிவக்கும், அல்லது பொறி தட்டும் சத்தம் கேட்கும். கேஸ் வால்வு 'டக்' என்று திறக்கும். பார்வைக் கண்ணாடியில் சுடர் தெரியும். சுடர் பிடித்துவிட்டதை, சுடரில் நீட்டியிருக்கும் ஃபிளேம் ராடு என்ற கம்பி போர்டுக்குச் சொன்னால்தான் வால்வு திறந்தே இருக்கும். சுடர் பிடிக்காவிட்டால் பல போர்டுகள் மூன்று முறை முயன்றுவிட்டு லாக்அவுட்டில், அதாவது மறுபடி முயலாமல் பூட்டிக்கொண்டு, நிற்கும்.

இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றதோ, பழுது அந்தப் படியில் அல்லது அதற்கு முந்தைய படியில் இருக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடும்போது "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்பதற்குப் பதில் "ப்ளோயர் ஓடுகிறது, இக்னைட்டர் சிவக்கவில்லை" என்று சொன்னால், அவர் சரியான பாகத்தோடு வருவார்.

எந்தச் சத்தமும் இல்லை

பிரேக்கர், ஹீட்டருக்குப் பக்கத்திலுள்ள சுவிட்ச், தெர்மோஸ்டாட்டின் பேட்டரி. இந்த மூன்றையும் பார்த்தாயிற்றா? லாக்அவுட்டில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள தெர்மோஸ்டாட்டை முழுக்க இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு ஏற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 120 வோல்ட் வருகிறதா, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 24 வோல்ட் வெளியே போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது டெக்னீஷியன் வேலை. லாக்அவுட்டை எடுத்துவிட்டு ஓட வைப்பது ஒரு முறை சரி. தினமும் காலையில் அதையே செய்கிறீர்கள் என்றால் ஹீட்டர் ஏதோ சொல்கிறது, கேட்க வேண்டும்.

ப்ளோயர் ஓடுகிறது, அதோடு சரி

பிரஷர் சுவிட்ச் மூடவில்லை என்று அர்த்தம். உடனே சுவிட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மாற்றுகிறார்கள். பல நேரம் சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்: காற்று போதவில்லை.

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். காற்று எடுக்கும் வாயும் புகை போகும் வாயும் கட்டிடத்துக்கு வெளியே எங்கே இருக்கின்றன? புகையில் நீராவி இருப்பதால், ஜனவரியில் அது பறவை வலையில் உறைந்து ஐஸாகப் படிந்துவிடும். இரண்டு வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் விட்ட புகையையே மறுபடி இழுத்து, காற்று எடுக்கும் வாயிலும் ஐஸ் கட்டும். கோடை கழிந்து முதல் முறை போடும்போது என்றால் குருவிக்கூடு, குளவிக்கூடு, சிலந்தி வலை.

அடுத்தது பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கோன் ட்யூப். ஒரு விரல் தடிமன்கூட இல்லாத இந்த ட்யூபைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். அது மாட்டியிருக்கும் முனையில் சூட்டால் இறுகி, நூல் போல ஒரு வெடிப்பு விட்டிருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, கழற்றி வளைத்தால்தான் வாய் பிளக்கும். அல்லது ட்யூப் ஒரு இடத்தில் தொய்ந்து, அந்தத் தொய்வில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கும். அந்த ஒரு சொட்டு போதும். சுவிட்சுக்கு அழுத்தம் போய்ச் சேராது. ட்யூபை மாற்றி, தண்ணீர் தங்காதபடி தொய்வில்லாமல் மாட்டினால் வேலை முடிந்தது.

மூன்றாவது, கட்டிடமே காற்றுக்குத் தவிப்பது. வெல்டிங் பட்டறையிலும் பெயின்ட் பூத்திலும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் உள்காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஈடாக வெளிக்காற்று வர வழி இல்லையென்றால், உள்காற்றில் எரியும் ஹீட்டர் அந்த ஃபேனோடு போட்டியிட வேண்டும். ஃபேன் போட்டிருக்கும்போது ஆள் கதவைத் திறப்பது கஷ்டமாக இருக்கிறதா? கதவு இடுக்கில் விசில் சத்தம் கேட்கிறதா? பெரிய கதவை அரையடி தூக்கியதும் ஹீட்டர் எரிந்துவிடுகிறதா? ஆம் என்றால் பழுது ஹீட்டரில் இல்லை. பர்னருக்கு வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்றுக் கொண்டுவருவதும், எக்ஸாஸ்ட்டுக்கு ஈடான காற்று உள்ளே வர ஏற்பாடு செய்வதும்தான் தீர்வு.

இதெல்லாம் சரியாக இருந்தால், டெக்னீஷியன் அந்த ட்யூபில் அழுத்தம் அளக்கும் மானோமீட்டரை இணைத்து, சுவிட்சின் மேல் எழுதியுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து "ஓட வைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால், அந்த ஹீட்டரை உடனே நிறுத்துங்கள். புகை வெளியே போகாவிட்டால் நிறுத்துவதற்கு இருந்த ஒரே காவலை அவர் எடுத்துவிட்டார்.

இக்னைட்டர் சிவக்கிறது, சுடர் வரவில்லை

யாராவது கேஸ் லைனின் கைவால்வை மூடி வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். கோடையில் மூடியதைத் திறக்க மறப்பது சகஜம். அது திறந்திருந்தால், ஹீட்டரின் மின்வால்வுக்கு 24 வோல்ட் வருகிறதா, வந்த அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடும் பெரும்பாலான குழாய் ஹீட்டர்களில் பர்னருக்குள் போகும் அழுத்தம் 3.5 அங்குல நீர்மட்டம் (அவ்வளவு உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்), புரொப்பேன் என்றால் 10 அங்குலம். எதுவானாலும் லேபிளில் உள்ளதுதான் கடைசி வார்த்தை.

சாதாரண நாளில் நன்றாக எரிந்துவிட்டு, கடுங்குளிர்க் காலையில் மட்டும் அணைகிற ஹீட்டர் தனிக் கதை. எல்லா ஹீட்டர்களும் ஒரே நேரத்தில் கேஸ் கேட்கும்போது, லைன் சிறியதாக இருந்தால் கடைசி ஹீட்டருக்கு அழுத்தம் இறங்கிவிடும். அதனால் எல்லா ஹீட்டர்களும் எரியும்போதுதான் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஓட்டி அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். கிராமப்புறத்தில் புரொப்பேன் டேங்க்கில் ஓடும் கொட்டகை என்றால் டேங்க்கையும் பாருங்கள். புரொப்பேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 42 டிகிரி. வெளியே மைனஸ் 30 ஆகும்போது அது ஆவியாவது மிகவும் மந்தமாகிவிடும். டேங்க்கில் திரவம் குறைவாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் திரவம் படும் சுவர்ப்பரப்பு வழியாகத்தான் அதற்குச் சூடு வருகிறது.

இக்னைட்டரே சிவக்கவில்லை என்றால், சிலிக்கான் கார்பைடு வகையில் மயிரிழை விரிசல் இருக்கலாம். புதியதை மாட்டும்போது அந்தச் சாம்பல் நிறப் பகுதியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் சீக்கிரம் கெடும்.

சுடர் பிடிக்கிறது, சில நொடியில் அணைகிறது

சுடர் இருப்பது போர்டுக்குத் தெரியவில்லை. சுடர் வழியாகப் பாயும் மிக மெல்லிய மின்சாரத்தை, மைக்ரோஆம்பியர் கணக்கில், ஃபிளேம் ராடு போர்டுக்குக் கொடுக்கிறது. ராடின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் கண்ணாடி போல ஒரு படலம் படிந்தால் அது குறைந்துவிடும். மெல்லிய ஸ்டீல் உல்லால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் தீரும். துடைத்த பின்னும் அணைந்தால் எர்த் கம்பியைப் பாருங்கள். துருப்பிடித்த பர்னர் உடம்பில் எர்த் சரியாகப் பிடிக்காது. மின் பேனலில் வேலை ஏதாவது சமீபத்தில் நடந்ததா என்றும் கேளுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் சில போர்டுகளுக்குச் சுடர் தெரியாது.

ஹீட்டர் நாள் முழுக்க எரிகிறது, ஆட்கள் குளிர்கிறது என்கிறார்கள்

எரிபொருள் வீணாவது அதிகம் இங்கேதான். குளிர்கிறது என்கிறவர் நிற்கும் இடத்திலேயே போய் நின்று, அண்ணாந்து பாருங்கள். குழாய் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அவருக்குக் கதிர் வரவில்லை. ஹீட்டர் மாட்டிய வருடத்தில் அங்கே திறந்த தரையாக இருந்திருக்கும், பிறகு யாரோ 6 மீட்டர் ரேக் வைத்திருப்பார்கள். ரேக்கின் மேல்தட்டு சூட்டை வாங்கிக்கொள்ளும், பக்கத்து நடையில் நிற்பவருக்கு நிழல்தான். தெர்மோஸ்டாட்டை எவ்வளவு ஏற்றினாலும் அந்த நிழல் போகாது. ஹீட்டரை நடைக்கு நேர் மேலே நகர்த்த வேண்டும், அல்லது வேலை செய்யும் மேஜையை நகர்த்த வேண்டும். இரண்டாவது செலவில்லாதது.

குழாய் தெரிகிறது, ஆனாலும் குளிர்கிறது என்றால் ரிஃப்ளெக்டரை, அதாவது குழாய் மேல் கவிழ்த்த தகட்டைப் பாருங்கள். பளபளப்பான அலுமினியம் தன் மேல் படும் வெப்பக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். மரத்தூளும் எண்ணெய்ப் புகையும் படிந்து மங்கினால், தகடே சூட்டை உறிஞ்சி மேலே கூரைக்குக் கொடுக்கத் தொடங்கும். ஹீட்டரை நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு, மென்துணியால் துடையுங்கள். ஃபோர்க்லிஃப்ட் இடித்துத் தகடு நசுங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து சுவரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மரவேலைப் பட்டறையில் வருடத்துக்கு ஒரு முறை துடைப்பது போதாது.

அப்புறம் தெர்மோஸ்டாட். கதிர் நேராகப் படும் இடத்தில் மாட்டியிருந்தால், தன் மேல் விழும் சூட்டை வைத்து "போதும்" என்று சீக்கிரமே அணைத்துவிடும். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக் கதவுக்கு எதிரே இருந்தால் அணையவே விடாது. வெளிச்சுவரில் இருந்தால் சுவரின் குளிரைக் காட்டும். கதிரும் காற்றோட்டமும் நேராகப் படாத உள்தூணில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. கறுப்பு உருண்டைக்குள் சென்சார் வைத்த வகை இன்னும் நல்லது, ஏனென்றால் அது காற்றையும் கதிரையும் சேர்த்து உணரும். அந்த வகையை மட்டும் ஆட்கள் நிற்கும் அதே கதிர்ப் பரப்பில் மாட்ட வேண்டும்.

காலையில் மட்டும் குளிர், பத்து மணிக்கு மேல் சரி என்றால் இரவில் அளவுக்கு மீறி இறக்குகிறீர்கள். கான்கிரீட் தரைதான் இந்த முறையின் சேமிப்பு. இரவில் தரை முழுக்க ஆறிவிட்டால், காலையில் முதலில் தரை குடித்த பிறகுதான் ஆட்களுக்கு. 3, 4 டிகிரி மட்டும் இறக்கி, வேலை தொடங்குவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். விமானக் கொட்டகைகளில் இந்த ஹீட்டர் விரும்பப்படுவதற்கும் தரைதான் காரணம். ராட்சதக் கதவு திறந்து உள்காற்று முழுக்கப் போனாலும், மூடியதும் சூடான தரை புதுக்காற்றைச் சீக்கிரம் மீட்டுவிடும்.

தலை கொதிக்கிறது, கால் மரத்துப்போகிறது

ஹீட்டர் தாழ்வாக இருக்கிறது அல்லது அந்த உயரத்துக்கு அதன் சக்தி அதிகம். பர்னர் பக்கக் குழாய் 500 டிகிரியை ஒட்டியும், மறுமுனை 200-க்குக் கீழும் இருக்கும். ஆகவே ஒருவர் நிரந்தரமாக நிற்கும் இடத்துக்கு மேல் பர்னர் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்த்தினால் சூடு பரவும். இரண்டு கட்டமாக எரியும் பர்னர் இருந்தால் தாழ்ந்த கட்டத்தில் ஓட்டலாம்.

டிக் டிக், திடீரென்று டமார்

டிக் டிக் சத்தம் இரும்பு நீள்வது. 15 மீட்டர் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் சங்கிலி, அதற்காகத்தான் பர்னருக்கு வளைந்த நெகிழ் கேஸ் குழாய். டமார் என்றால் நீள்வதை எதுவோ பிடித்து வைத்திருக்கிறது: தகட்டின் எல்லா இணைப்புகளையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார்கள், அல்லது கொக்கி உத்தரத்தில் சிக்கியிருக்கிறது. கேஸ் குழாய் வளைவில்லாமல் விறைப்பாக மாட்டப்பட்டிருந்தால் உடனே டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை எரியும்போதும் அந்த 5 சென்டிமீட்டர் அதன் இணைப்பை நெம்பிக்கொண்டிருக்கிறது. பற்றும் நொடியில் மட்டும் 'பக்' என்று வெடிப்பதும் சாதாரணம் இல்லை. தாமதமாகப் பற்றுகிறது, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் சொட்டுகிறது

குழாயின் முனையிலிருந்து என்றால், புகையிலுள்ள நீராவி குழாய்க்குள்ளேயே ஆறித் தண்ணீராகிறது. தெர்மோஸ்டாட் அடிக்கடி போட்டு அணைத்தால் குழாய் முழுச் சூட்டுக்குப் போவதே இல்லை, அதனால் சொட்டும். புகைக்குழாய் குளிர்ந்த இடத்தில் நீளமாகப் போனாலும் சொட்டும். சாய்வு சரியா, புகைக்குழாய்க்கு இன்சுலேஷன் வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.

கூரையிலிருந்து சொட்டினால் மேலே எந்த வகை ஹீட்டர் என்று பாருங்கள். செக்கச்செவேல் என்று ஒளிரும் பீங்கான் முக ஹீட்டர்கள் பெரும்பாலும் புகையைக் கட்டிடத்துக்குள்ளேயே விடுபவை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். மணிக்கு 1,00,000 பி.டி.யு. கொடுக்கும் ஹீட்டர் ஒன்று மணிக்கு 4 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. குளிர்ந்த தகரக் கூரையில் அது திரும்பத் தண்ணீராகும். கூரை ஒழுகுகிறது என்று தார் பூச ஆள் கூப்பிடுவதற்கு முன், வெளியேற்றும் ஃபேன் ஹீட்டரோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்த ஃபேனை யாரும் அணைக்கக் கூடாது. தண்ணீரைவிட முக்கியம், புகையும் அதன் வழியாகத்தான் போகிறது.

குழாயில் ஊசித்துளை, செந்நிறப் பொடி

சில வருடத்திலேயே குழாய் உள்ளிருந்து அரித்தால் பட்டறை அலமாரியைத் திறந்து பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர், கிரீஸ் எடுக்கும் திரவம் இருக்கிறதா? அந்த ஆவி பர்னருக்குள் போய் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. குளோரின் இல்லாத கிளீனருக்கு மாறுங்கள், பர்னருக்கு வெளிக்காற்றுக் கொடுங்கள். காற்றை உள்ளே தள்ளும் வகை ஹீட்டரில் துளை விழுந்தால் புகை கட்டிடத்துக்குள் வரும். அதனால் குழாய் மாற்றும்வரை ஓட்டக் கூடாது.

எல்லாம் சரியாக ஓடுகிறது, பில் மட்டும் ஏறுகிறது

போன மாத பில்லோடு ஒப்பிடாதீர்கள், குளிர் ஒரே மாதிரி இருக்காது. கனடாவின் சுற்றுச்சூழல் துறை 18 டிகிரியை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு ஊருக்கும் வெப்பத் தேவை நாள்கணக்கு வெளியிடுகிறது. சராசரி 8 டிகிரி இருந்த நாளுக்கு 10, மைனஸ் 2 என்றால் 20 என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. மாதம் எரித்த கன மீட்டரை அந்த எண்ணால் வகுத்து எழுதி வையுங்கள். அந்த விகிதம் ஏறினால்தான் கட்டிடத்தில் ஏதோ மாறியிருக்கிறது. கூரையிலுள்ள பெரிய விசிறி குளிர்காலத்திலும் வேகமாக ஆட்கள் மேல் ஊதினால், கதிர் கொடுத்ததைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். அதை மெதுவாக்குங்கள். தெர்மோஸ்டாட்டை யாராவது ஏற்றி வைத்தார்களா என்று பார்த்து, பூட்டும் மூடி போடுங்கள். பிறகு ஒரு இருட்டு மாலையில் உள்விளக்கை எரியவிட்டு வெளியே போய் டாக் கதவுகளைப் பாருங்கள். ரப்பர் சீலின் ஓரத்திலும், லாரிக்குப் பாலமாகும் லெவலர் தகட்டின் இடுக்கிலும் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் சீல் மாற்ற வருகிறவருக்கு அந்தக் குறிகள் போதும்.